கன்று கருகினால் முதலில் மாதத்தைப் பாருங்கள்: திருகோணமலையில் நாட்டு மரம் வளர்ப்போருக்கு

சாம்பல்தீவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு சிறிய நாற்றுமேடை இருக்கிறது. ஒரு கிடுகுப் பந்தல், ஒரு கிணறு, சில நூறு பொலித்தீன் பைகள், அவ்வளவுதான். பூங்கன்று ஒன்றும் கிடையாது. குளக்கரைக்கும் களப்போரத்துக்கும் கடற்கரைக்கும் வேண்டிய பாலை, வீரை, மருது, புங்கு, புன்னை, நாவல், கொஞ்சம் கண்டல் (களப்புச் சேற்றில் வளரும் மரம்). இத்தனை வருடத்தில் நான் சாகடித்த கன்றுகளை எண்ணிச் சொன்னால் மேலே படிக்க உங்களுக்கு மனம் வராது. ஆகவே நேரே அறிகுறிகளுக்கு வருகிறேன். உங்கள் கன்றுக்கு எது பொருந்துகிறதோ அந்த இடத்தை மட்டும் படித்தாலும் போதும்.

எந்த அறிகுறியானாலும் மருந்துக் கடைக்குப் போகுமுன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மாதம் நட்டீர்கள்? எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? நான் பார்த்த சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்த இரண்டில் ஒன்றுதான். பூச்சியும் நோயும் அதற்குப் பிறகு வந்து பழியை ஏற்றுக்கொள்கின்றன.

"விதை போட்டு ஒரு மாதம் ஆயிற்று, ஒன்றும் முளைக்கவில்லை"

எல்லா விதையும் ஒரே சாதி அல்ல என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். நெல் விதை போலக் காயவைத்து, போத்தலில் அடைத்து, மழைக்குக் காத்திருக்கலாம் என்று நினைத்து ஒரு முறை நாவல் விதையை இரண்டு மாதம் வைத்திருந்தேன். முழுவதும் போயிற்று. நாவல், இலுப்பை போன்றவை ஈரத்தோடு உயிர் வாழும் விதைகள். பழம் விழுந்த சூட்டோடு சதையைக் கழுவி, நிழலில் ஓரிரு நாள் ஆறவிட்டு, அந்த வாரமே போட்டுவிட வேண்டும். காய்ந்தால் செத்தது. நாவலில் ஒரு வேடிக்கையும் உண்டு: ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். பலமானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

கொன்றையும் ஆத்தியும் இதற்கு நேர்மாறு. அவற்றின் தோல் நீரை உள்ளே விடாது. வருடக்கணக்கில் கிடந்தாலும் கெடாது, முளைக்கவும் முளைக்காது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதையை அதில் போட்டு, ஆறும்வரை ஓரிரவு விடுங்கள். காலையில் பருத்திருப்பதை விதைத்து, பருக்காததை மறுபடியும் ஊறவையுங்கள். சில நூறு விதைதான் என்றால் சீமெந்துத் தரையில் ஒவ்வொன்றாக ஒரு பக்கம் உரசினாலும் சரிவரும். பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அரைமணி நேரத்தில் முடித்துத் தருவார்கள்.

மருதங்காயை இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைத்தால் போதும். புன்னைக்கு ஓடுதான் தடை. ஓட்டோடு போட்டால் முளைக்க இரண்டு மாதம் அளவில் ஆகும். ஓட்டை உடைத்து, பருப்பில் காயம் படாமல் எடுத்துப் போட்டால் மூன்று வாரத்தில் தலைகாட்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நீரில் போட்டு மிதப்பதை எறி, மூழ்குவதை வை என்று எல்லோரும் சொல்வார்கள். புன்னைக்கு அது செல்லாது. கடலில் மிதந்தே ஊர்விட்டு ஊர் போகும் விதை அது. நல்ல விதையும் மிதக்கும். சந்தேகம் என்றால் பத்து விதையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிருண்டு. பழுப்பாகச் சுருங்கிக் கிடந்தால் குவியலையே மறந்துவிடலாம்.

பாலையும் வீரையும் மெதுவாகத்தான் வரும். அவற்றுக்குப் பொறுமை தவிர வேறு மருந்து என்னிடம் இல்லை. விதை பொறுக்கப் போகும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சரணாலயத்துக்குள்ளும் ஒதுக்குக் காட்டுக்குள்ளும் அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. கோயில் வளவு, ரோட்டோரம், வயல் வரம்பு, தெரிந்தவர் காணி, இவையே நமக்குத் தாராளம். ஒரே மரத்தில் முழுவதையும் பொறுக்காமல் பத்துப் பதினைந்து மரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரு தாய்க்குப் பிறந்த காடு ஒரு நோய்க்கே போய்விடும்.

"முளைத்த நாற்று தண்டடியில் கறுத்துச் சாய்கிறது"

நாற்றழுகல். நெருக்கி விதைத்தது, நிழல் கூடியது, மாலையில் நீர் தெளித்தது, ஆறாத சாணம் போட்டது, இவற்றில் ஏதோ ஒன்று. சாய்ந்ததைப் பிடுங்கி எறிந்து, கிடுகைக் கொஞ்சம் விலக்கி, காலையில் மட்டும் நீர் விடுங்கள். அடுத்த முறை கழுவிய ஆற்று மணலில் விதைத்து, இரண்டு இலை வந்ததும் பைக்கு மாற்றுங்கள். முதிரை நாற்றுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

"இலை நுனியும் ஓரமும் கருகுகின்றன"

நிலாவெளி, உப்புவெளி, கிண்ணியா, மூதூர்க் கரையோரம் முழுக்க ஆவணி, புரட்டாதியில் இந்தக் கதைதான். மழையில்லை, கிணற்று மட்டம் இறங்குகிறது, உவர் ஏறுகிறது. சித்திரையில் நன்றாக இருந்த அதே கிணறு ஓகஸ்ட் கடைசியில் வேறு கிணறு.

உவரா, தண்ணீர்ப் பஞ்சமா என்று பிரித்தறிவது எளிது. தண்ணீர் போதாவிட்டால் இலை முழுவதும் துவளும், மாலையில் நீர் விட்டால் காலையில் நிமிரும். உவரில் இலை நிமிர்ந்தே நிற்கும், ஆனால் முதிர்ந்த இலைகளின் நுனியிலிருந்து உள்நோக்கிக் கருகிக்கொண்டு வரும். பை மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கும் தெரியும்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் கையடக்க மின்கடத்துதிறன் மானி ஒன்று இருந்தால் நல்லது. நீர்ப்பாசன நீருக்கு உலக அளவில் சொல்லப்படும் கணக்கு: 700 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே பயமில்லை, 3,000ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிக்கு ஆகாது, இடையில் உள்ளதைப் பார்த்துப் பாவிக்க வேண்டும். மானி இல்லையென்றால் நாக்கு இருக்கிறது. தெளிவாக உப்புக் கரிக்கும் தண்ணீர் நாற்றுக்கு வேண்டாம்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை நிறுத்துங்கள். அது உப்பை மண்ணில் சேமித்துக்கொண்டே போகும். இரண்டு நாளைக்கு ஒரு முறை, பையின் அடியால் வடிந்தோடும் வரை ஊற்றுங்கள். வடிகிற நீர் உப்பையும் கொண்டுபோகும். இலையில் படாமல் அடியில் ஊற்றுங்கள். நுனி கருகுகிறதே என்று பசளை போட வேண்டாம், பசளையும் உப்புத்தான். மாரியில் கூரை நீரைத் தாங்கியில் பிடித்து வைத்தால், அந்தக் கடைசி இரண்டு மாதத்துக்குக் கிணற்று நீரோடு கலந்து தப்பலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். அதோடு, கரையோரத்தில் நடப்போகிறவர் பூவரசு, புன்னை, புங்கு என்று உவர் தாங்கும் சாதியைத் தேர்ந்தால் பாதிக் கவலை குறையும்.

"பையில் செழித்தது, நட்ட பிறகு நின்றபடியே காய்ந்தது"

சில வருடத்துக்கு முன் ஒரு நிறுவனம் ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினத்தன்று, எங்கள் பக்கத்துக் குளக்கரையில் நட என்று கன்றுகள் கேட்டது. கொடுத்தேன். பதாகை கட்டி, படம் பிடித்து, குளிர்பானம் குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் கச்சான் அடிக்கத் தொடங்கியது. நெருப்புப் போல மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றில், நட்டு ஒரு மாதமும் ஆகாத கன்று என்ன செய்யும்? ஓகஸ்டில் போய்ப் பார்த்தபோது குச்சியும் பெயர்ப்பலகையும் மட்டும் நின்றன. பிழை எனக்கும் உண்டு. மறுத்திருக்க வேண்டும்.

ஜூன் 5 உலகத்துக்கு நல்ல நாள், தென்மேற்கு இலங்கைக்கும் நல்ல நாள். நமக்கு அல்ல. திருகோணமலைக்கு ஆண்டில் விழும் மழையில் பெரும் பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வாடைக் காலத்தில்தான். ஐப்பசியில் முதல் இரண்டு நல்ல மழை விழுந்து மண் ஒரு முழம் நனைந்ததும் நடுங்கள். கார்த்திகை நடுப்பகுதிக்குள் முடித்தால் வேர் இறங்க மூன்று மாத ஈரம் கிடைக்கும். தையில் நட்டால் தண்ணீர் காவ வேண்டியது நீங்கள்தான்.

சரி, மாதமும் சரி, மழையும் சரி, ஆனாலும் செத்தது என்றால் காய்ந்த கன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். நூற்கண்டு போல வட்டமாகச் சுற்றியிருக்கிறதா? அதுதான் காரணம். நமது மரங்கள் பல ஆனி, ஆடியில் பழுக்கின்றன. உடனே விதைத்தால் அந்த ஐப்பசிக்குள் நடும் அளவுக்கு வராது. அடுத்த ஐப்பசி வரை பதினைந்து மாதம் சின்னப் பையில் இருக்கும். வேர் அடியில் முட்டி, திரும்பி, சுற்றிச் சுற்றி வளரும். நட்ட பிறகும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும், கீழே இறங்காது. பாலை, வீரை, இலுப்பை போன்றவற்றுக்கு முதலிலேயே உயரமான பை போடுங்கள். பையை நிலத்தில் வைக்காமல் கம்பி வலையிலோ மூங்கில் தட்டியிலோ உயர்த்தி வைத்தால் அடியில் எட்டிப் பார்க்கும் வேர் காற்றுப்பட்டு நுனி காய்ந்து, பக்க வேர் விடும். நடும்போது பையைக் கிழித்து எறியுங்கள் (பையோடு நட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்), சுற்றிய வேரைக் கத்தியால் இரண்டு பக்கம் கீறிவிடுங்கள்.

புங்கும் பூவரசும் வேகமானவை. அவற்றைத் தை, மாசியில் விதைத்தால் அதே ஐப்பசிக்குத் தயார்.

நடுவதற்கு ஒரு மாதம் முன்பே பந்தல் நிழலிலிருந்து வெளியே எடுத்து வெயிலுக்குப் பழக்குவதும், தண்ணீரைச் சற்றுக் குறைப்பதும் மறக்க வேண்டாம். குழியில் மக்காத வைக்கோலும் பச்சைச் சாணமும் போட்டால் கறையானுக்கு விருந்து வைத்த மாதிரி.

"பாலைக் கன்று வளரவே இல்லை"

வளர்கிறது, கீழே. இலை பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

"காலையில் பார்த்தால் கன்றைக் காணவில்லை"

நகரப் பக்கம் என்றால் மான். பிரெட்றிக் கோட்டைக்குள்ளும் ரோட்டிலும் புள்ளிமான் மாடு மாதிரித் திரியும் ஊர் நம்முடையது. வெளியூர்க்காரர் படம் எடுப்பார்கள், நாம் கன்றைத் தேடுவோம். மான் குருத்தைக் கடித்து இழுக்கும், வெட்டு பிசிறாக இருக்கும். ஆடு பட்டையையும் சேர்த்து உரிக்கும். முயல் வெட்டினால் கத்தியால் சீவியது போலச் சாய்வாக இருக்கும். இலந்தை முள்ளோ காரை முள்ளோ வெட்டி, கன்றைச் சுற்றி ஆளின் நெஞ்சுயரத்துக்குக் கட்டுங்கள். காசு கொடுத்து வாங்கும் வலையை விட இது நின்றுபிடிக்கும்.

கந்தளாய், சேருவில பக்கம் யானை என்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை. அது வரும் பாதையில் நட வேண்டாம் என்பதைத் தவிர.

"களப்பில் நட்ட கண்டல் முழுவதும் செத்துவிட்டது"

நீங்கள் தனியாள் இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் 23 இடங்களில் கண்டல் நட்டதை ஆய்வாளர்கள் பின்னர் போய்ப் பார்த்தார்கள். 9 இடத்தில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டதில் தேறியது 200 சொச்சம்.

பெரும்பாலும் நடந்த தவறு நட்ட மட்டம். நமது கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே உள்ள உயரம் ஒரு மீட்டரும் வராது. அதனால் கண்டல் வாழும் பட்டி மிக ஒடுங்கியது. ஒரு சாண் கீழே நட்டால் எந்நேரமும் மூழ்கிக் கிடந்து மூச்சு முட்டும், ஒரு சாண் மேலே நட்டால் கோடையில் உப்புப் பூத்துக் கருகும். அளவுகோல் தேட வேண்டாம். அதே களப்பில் தானாக நிற்கும் கண்டலின் அடி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தடியில் குறித்துக்கொண்டு அதே மட்டத்தில் நடுங்கள். அப்படி ஒரு மரமும் அங்கே இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்டுவிட்டு நடுங்கள். முன்பு வாய்க்கால் இருந்து, ரோட்டுப் போட்டவர்கள் மூடியிருக்கலாம். அந்த நீர்வழியைத் திறந்துவிட்டால் விதை தானே மிதந்து வந்து நிற்கும், உங்கள் கன்று தேவைப்படாமலே போகலாம்.

இரண்டாவது தவறு, எல்லா இடத்திலும் நீளக் காய்க் கண்டலையே குத்துவது. காய் முருங்கைக்காய் மாதிரி நீளம், கையில் எடுத்துச் சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது, அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. ஆனால் அது நீர் விளிம்பு மரம். அதற்குப் பின்னால் கண்ணா, அதற்கும் மேலே திப்பரத்தை, தில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. தில்லையைத் தொடும்போது அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய் பறிக்கும்போது மேல் மூடிக்கும் காய்க்கும் நடுவே வெளிர் மஞ்சள் வளையம் தெரிந்தால்தான் முதிர்ந்தது. நட்ட காய் அடுத்த நாள் துண்டாகிக் கிடந்தால் நண்டு. சில நாள் நிழலில் வாடவிட்டு நட்டால் நண்டுக்கு ருசி குறையும், அல்லது பையில் நான்கு இலை வரை வளர்த்து நடலாம். கண்ணா இலையை மாடு விரும்பித் தின்னும் என்பதால் அங்கே வேலி இல்லாமல் வேலை இல்லை.

நட்டது அல்ல, வளர்ந்த கண்ணா மரங்களே கூட்டமாக மஞ்சளித்தால் முகத்துவாரத்தைப் போய்ப் பாருங்கள். மணல் திட்டு அடைத்து நீர் வடியாமல் மாதக்கணக்கில் நின்றால் மூச்சு வேர் மூழ்கிவிடும். திறப்பதா விடுவதா என்பது மீனவர் சங்கமும் வயல்காரரும் பிரதேச செயலகமும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியது. மண்வெட்டியோடு தனியாகப் போய்விடாதீர்கள்.

"குளத்து நீர் பச்சையாகிறது, விடியற்காலையில் மீன் செத்து மிதக்கிறது"

வயலிலிருந்து வடியும் யூரியாவும், மாட்டுச் சாணமும், சவர்க்காரமும் பாசிக்கு உணவு. பகலில் பாசி ஒட்சிசனை விடும், இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில்தான் நீரில் ஒட்சிசன் மிகக் குறைவு. மீன் அந்த நேரத்தில் சாவது அதனால்தான். மேலே பச்சைப் பெயின்ற் ஊற்றியது போல ஏடு படிந்தால் குளிக்கவும் வேண்டாம், மாட்டை விடவும் வேண்டாம்.

நீர் குளத்துக்குள் நுழையும் வாயில்தான் செடி வேண்டும். அங்கே ஒரு புல் பட்டி, அதற்குள் கோரை, பன், அதன் மேலே தாழை, நீர்க்கடம்பு, மருது. வண்டலைப் புல் பிடிக்கும், கரைந்து வருவதை வேர் உறிஞ்சும். ஆனால் உறிஞ்சியதை வெட்டி வெளியே எடுக்க வேண்டும். பன்னும் கோரையும் குளத்துக்குள்ளேயே செத்து அழுகினால் வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். பாய் இழைக்கும் பெண்கள் வருடந்தோறும் பன் வெட்டிய காலத்தில் அவர்கள் பாய்க்கு மட்டும் வெட்டவில்லை.

கட்டுக்குக் கீழே, வயலுக்கு முன்னால், பழைய ஆட்கள் ஒரு ஈரக் காட்டை விட்டுவைத்திருந்தார்கள். சிங்களத்தில் கட்டகடுவ என்பார்கள். கட்டால் கசியும் உவரை வயலுக்குப் போகாமல் அது தாங்கும். பல இடத்தில் அதையும் வயலாக்கிவிட்டு, முதல் வரவையில் நெல் மஞ்சளிக்கிறது என்று தலையைச் சொறிகிறோம். மருது நடச் சரியான இடம் அதுதான்.

கட்டின் மேல் மட்டும் பெருமரம் நட வேண்டாம். வேர் செத்து அழுகினால் அந்தக் குழாய் வழியே நீர் கசியும், கசிவு பெருகினால் கட்டே போகும். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் கட்டு உடைந்ததைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அது மரத்தால் உடைந்தது என்று நான் சொல்லவில்லை. கசிவை விளையாட்டாக எடுக்க வேண்டாம் என்கிறேன். கட்டுக்குப் புல் போதும். எதை நடுவதானாலும் கமநல சேவை நிலையத்திடமும் வயலுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கரை அரிந்து கன்று சரிந்தால் எருமையைக் குறை சொல்லுவோம். அதற்கும் தண்ணீர் வேண்டும்தானே. ஒரு துண்டுக் கரையைக் கல் போட்டு மாடு இறங்கும் துறையாக விட்டு, மற்றதை அடைத்தால் சண்டை இல்லாமல் முடியும்.

சம்பு குளத்தை மூடினால் நீர் மட்டத்துக்குக் கீழே கைவிட்டு அறுங்கள். மேலே அறுத்தால் குழல் வழியே வேருக்குக் காற்றுப் போகும், திரும்ப முளைக்கும். ஆற்றுவாழை என்றால் அறுப்பதே தவறு, முழுதாக வாரி வெள்ளம் எட்டாத இடத்தில் குவியுங்கள். பூ அழகாக இருக்கிறதென்று வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

"கடற்கரையில் நட்டது மணலில் புதைகிறது"

மரத்தில் தொடங்கியதுதான் பிழை. முதலில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் மணலைக் கட்ட வேண்டும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை. முழ நீளத் துண்டுகளாக வெட்டி, கணு புதைய, அலை எட்டும் கோட்டுக்கு மேலே மாரியில் பதியுங்கள். அதற்குப் பின்னால் தாழை, பிறகு புன்னை, பூவரசு. சவுக்கு வேகமாக வளரும் என்பது உண்மை. ஆனால் அது நம் நாட்டு மரம் அல்ல. அடியில் சருகு மெத்தை போட்டு வேறொன்றையும் வரவிடாது, ஆமை முட்டையிடும் கரையில் அது வேண்டவே வேண்டாம்.

"வாங்கியது ஒன்று, வளர்வது வேறொன்று"

பெயர்க் குழப்பம். பாலை என்ற பெயரில் ஏழிலைப்பாலையும் வரும், வெட்பாலையும் வரும். சிங்களப் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்: பாலை என்றால் பலு, வீரை என்றால் வீர, முதிரை புருத்த, மருது கும்புக், நீர்க்கடம்பு ஹெலம்ப.

"மரம் நன்றாக நிற்கிறது, ஆனால் இலையெல்லாம் புழு தின்கிறது"

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. என்ன மரம் என்று திருப்பிக் கேட்பேன். கொன்றை என்பார்கள். அப்போது வெளிர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டிருக்கிறது. எருக்கில் வரிப்புழு என்றால் செம்மஞ்சள் பூச்சி, ஆடுதீண்டாப்பாளையில் முள் முள்ளாகப் புழு என்றால் சிவப்பு உடல்காரி, கறிவேப்பிலையில் பச்சைப் புழு என்றால் அதுவும் ஒரு வண்ணத்துப்பூச்சிதான். பறவைக்காகவும் பூச்சிக்காகவும் நாட்டு மரம் நட்டோம், வந்துவிட்டன. குருவிக் குஞ்சு பழம் தின்று வளர்வதில்லை, பெரும்பாலான தாய்ப்பறவைகள் புழுவைத்தான் கொண்டுபோய் ஊட்டும். மொட்டையான கொன்றை அடுத்த மழையில் தளிர்க்கும்.

பக்கத்து வீட்டு மாமா போன வருடம் இதே புழுவுக்கு மருந்தடிக்கத் தாங்கியோடு வந்து நின்றார். பத்து நாள் பொறுங்கோ மாமா என்றேன். அரை மனதோடு திரும்பிப் போனார். இப்போது அவரே பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, புழு எங்கே தொங்குகிறது என்று கிளை கிளையாகத் தேடிக் காட்டுகிறார்.